நிற்காத காற்றாடி

காற்றாடியின் மூன்று கைகளையும் ஒரே நாளில், ஒரே பெட்டி வெல்டிங் கம்பியில், தன் கையாலேயே ஒட்டியவர் ஜௌபர். அப்படியிருக்க ஒரு கை மட்டும் எப்படி வெடிக்கும்?

ஏணியின் உச்சியில் நின்று, உப்புத் தூசியைத் துணியால் வழித்துவிட்டு, சிவப்பு பூசிய கையின் அடிமூட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகம் மாட்டியது. தலைமயிர் தடிப்பில் ஒரு கீறல், ஒட்டின் ஓரமாகவே ஓடிப் பின்பக்கம் போயிருந்தது. மற்ற இரண்டு கைகளையும் தடவினார். குழந்தைப் பிள்ளையின் கன்னம் மாதிரி வழுவழுப்பாக இருந்தன.

"என்ன மாமா, பாத்து முடிஞ்சா?" கீழே நின்ற மருமகன் றிஸ்மின் கேட்டான்.

"முடிஞ்சிது. ஒனக்கும் எனக்கும் சேத்து முடிஞ்சிது. ஏறி வந்து பாரு."

மாம்புரிப் பக்கம் நிற்கிற பெரிய காற்றாடிகளைப் போல, முகத்தைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டு சுற்றுகிற சாதி இல்லை இது. நடுவில் ஒரு தண்டு. அதைச் சுற்றி, ஒவ்வொரு இரும்புக் கையின் நுனியிலும் ஒன்றாக, மூன்று நீட்டுப் பலகைகள் நட்டமாக நிற்கும். பந்தல்கால் மூன்று நடுக்கம்பத்தைச் சுற்றி ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. தென்மேற்குக் கச்சான் அடித்தாலும் சுற்றும், வடக்கு வாடை அடித்தாலும் சுற்றும், காற்று திசை மாறினாலும் கவலையில்லை. அடியில் கிணற்றுப் பம்பு. எண்ணெயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். றிஸ்மின் படித்துவிட்டு வந்து வருடக்கணக்காகக் கீறிக் கீறி அழித்த படம், ஜௌபரின் பாலாவிப் பட்டறையில் பழைய லொறி ஹப்பின் மேல் இரும்பாக எழுந்து, இந்த ஏத்தாளையில் உசனாரின் வெங்காயத் தோட்டத்தில் வந்து நிற்கிறது. பரீட்சைக்கு வைத்தது. நட்டு நாலைந்து மாதம் ஆகிறது. ஒரு குறையும் வந்ததில்லை.

வரவேண்டிய நாள் பார்த்துத்தான் வந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் விவசாயச் சங்கத்துத் தலைவர் ஃபைஸல் ஆட்களோடு வருகிறார். அவர்களுக்குப் பிடித்தால் கற்பிட்டி றோட்டு நெடுக இந்தக் காற்றாடி நிற்கும். பிடிக்காவிட்டால் றிஸ்மினுக்குக் கட்டாரில் ஒரு வேலை காத்துக்கொண்டிருக்கிறது. போனால் மகள் பஸீனாவும் போவாள். அவன் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, சோறு தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னான். அதனால்தான் ஜௌபருக்குப் பயம். மிரட்டுகிறவன் போகமாட்டான்.

றிஸ்மின் ஏணியில் ஏறிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை ஜௌபர் கண்டார்.

"மேலாலதான் கீறியிரிக்கி மாமா. ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினா இண்டைக்கு ஓடும்."

"இண்டைக்கு ஓடும். நாளைக்கு?"

"நாளைக்குக் கழட்டி ஒட்டுவம். இண்டைக்கு அவங்க பாக்கட்டும்."

"ஒட்டு பிழையா, ஒன்ட படம் பிழையா?"

"ரெண்டும் பிழையில்ல. பிழையெண்டா மூணு கையும் வெடிச்சிரிக்கோணும்."

அதைத்தான் ஜௌபரும் நினைத்தார். மூன்றில் ஒன்று மட்டும் வெடித்தால் அது இரும்பின் வேலை இல்லை, மனுசன் வேலை. இந்த வயது வரைக்கும் அவர் யாரையும் நம்பிக் கெட்டதில்லை. நம்பாமல் கெட்டது உண்டா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. தூணின் அடியில் பிரேக் இருக்கிற பெட்டிக்குப் பூட்டுப் போடச் சொன்னவரே அவர்தான். றிஸ்மின் வேண்டாம் என்றான், ஜௌபர் கேட்கவில்லை. "தோட்டக்காரன் கையில பிரேக்கக் குடுத்தா அவன் அத நோண்டி நாசமாக்குவான். மெசின் நிக்காமச் சுத்துமெண்டுதானே விக்கப்போறோம், என்னத்துக்கு அவனுக்குப் பிரேக்?" என்று சொல்லிப் பூட்டை வாங்கி வந்து தானே மாட்டினார். சாவி றிஸ்மினின் இடுப்பில்.

கிளாம்ப் இரண்டு போட்டு இறுக்கினார்கள். தோட்டத்துக்காரன் உசனார் வரம்பில் வந்து நின்று, தாங்கியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது, வெங்காயம் தலை சாய்க்கிறது, எப்போது விடுவீர்கள் என்று கேட்டார். ஆட்கள் வரும்போது தாங்கி நிறைந்திருந்தால்தான் தெளிகுழாய் பீறியடிப்பதைக் காட்டலாம். காற்று இன்னும் பலமாக எழும்பவில்லை. றிஸ்மின் பெட்டியைத் திறந்து பிரேக்கைத் தளர்த்தி, மறுபடி பூட்டினான். காற்றாடி முதலில் யோசித்தது, பிறகு சுற்றத் தொடங்கியது.

"கதை ஒண்டும் வெளிய போகப்படாது," என்றான் றிஸ்மின்.

ஜௌபருக்கு அதற்குள் ஒருவன் மேல் கண் போயிருந்தது.

டீசல் பம்பு விற்கிற கிளைட்டன், சந்தித் தேத்தண்ணிக் கடையில் பணிஸைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இந்தக் காற்றாடி நட்ட நாளிலிருந்து, போக வர உசனாரின் வேலியோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்க்கிறவன். பார்த்துவிட்டுச் சிரிக்கிறவன்.

ஜௌபர் கதிரையை இழுத்து அவன் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"ஏணி எங்க வெச்சிரிக்காய்?"

"என்ன ஏணி ஜௌபர் நானா?"

"என்ட காத்தாடியில ஏறி வெட்டின ஏணி."

கிளைட்டன் வாயில் இருந்ததை விழுங்கினான். "நானா, எனக்கு முழங்கால் வருத்தம். சேர்ச்சில முழந்தாள் போட்டா பொஞ்சாதி கத்தரினாதான் வந்து தூக்கி உடோணும். நான் எங்க ஒங்கட காத்தாடியில ஏறுற?"

"அப்ப என்னத்துக்குப் போகவர நிண்டு பாக்கிற?"

"பாக்கக் காசா? ஊரே பாக்குது. வெள்ளிக்கிழம எண்டா இன்னம் வடிவாப் பாக்குது."

"வெள்ளிக்கிழம என்ன?"

கிளைட்டன் கடைக்காரரைப் பார்த்தான். கடைக்காரர் கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

"எனக்கென்ன தெரியும். ஒங்கட ஆக்கள்ட்டக் கேளுங்க," என்றான். "ஆனா ஒண்டு சொல்றன் நானா, கோவிக்கப்படாது. என்ட பம்ப ஒரு சின்னப் புள்ளயும் நிப்பாட்டும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஜௌபருக்கு விளங்கவில்லை. விளங்காத கதை எல்லாம் கள்ளக் கதை என்பது அவர் கணக்கு. எழுந்து வந்துவிட்டார். வரும் வழியில் காற்று கழுத்தில் அடித்தது. கடல் பக்கத்துத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் முடி சீவத் தொடங்கியிருந்தன. கச்சான் எழும்பிவிட்டது.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னபோது றிஸ்மினும் உசனாரும் முன்னமே பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். ஜௌபர் பள்ளி ஹவுள் தொட்டியில் கை கால் கழுவி உளூ செய்துவிட்டுத் தலையைத் தடவினார். தொப்பி இல்லை. வேனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். வேன் தோட்டத்தில் நிற்கிறது. குத்பாப் பிரசங்கம் தொடங்குவதற்குள் வந்துவிடலாம் என்று திரும்பி நடந்தார்.

தோட்டத்து வேலியைத் தாண்டும்போதுதான் சத்தம் கேட்டது. லொறி ஒன்று மணலில் புதைந்து உறுமுகிற மாதிரிக் காற்றாடி இரைந்தது. பார்த்தால், உசனாரின் மனைவி உம்மு குல்தூம் காற்றாடியின் அடியில் நிற்கிறாள். அவள் கையில் நீளமான கொக்கத்தடி. தடியின் நுனியில் ஒரு கொக்கி, அதில் தோணி கட்டுகிற நைலோன் கயிறு. கயிற்றின் மறுமுனை, பக்கத்துப் பனையில் இரண்டு சுற்றுச் சுற்றி அவள் இடுப்போரம் வந்திருக்கிறது.

அவள் அண்ணாந்து, சுற்றி வருகிற கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று போனது, இரண்டு போனது. சிவப்புக் கை வந்தது. கொக்கியை நீட்டி மாட்டினாள். மாட்டிய கையோடு தடியை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பனையடியில் கயிற்றைப் பிடித்தாள். கயிறு பனையைச் சுற்றி உரசிக்கொண்டு ஓடியது. அவள் விட்டு விட்டு இறுக்கினாள். கரைவலைக்காரர் வீட்டில் பிறந்த கை அது. கடைசிச் சுற்றில் கயிறு விறைத்து நின்றது. காற்றாடி ஒரு குலுக்குக் குலுக்கி, தூண் அடியோடு நடுங்கி, நின்றது.

ஜௌபர் வரம்பைத் தாண்டி ஓடினார்.

"தங்கச்சி, என்ன வேல செய்ற நீ?"

உம்மு குல்தூம் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் கள்ளத்தனம் ஒரு பொட்டும் இல்லை.

"ஏன் நானா, நீங்க பள்ளிக்குப் போகல்லையா? பாங்கு சொல்லிட்டாங்களே."

"இதக் கேக்கிறன். இந்தக் கயிற."

"ஜும்ஆ நேரத்துல எங்கட தோட்டத்துல ஒரு வேலயும் நடக்கிறல்ல. எங்கட மாமாட காலத்துல இருந்து அப்பிடித்தான். இஞ்சின் இரிக்கக்குள்ள இஞ்சின நிப்பாட்டுவம். கூலியாக்கள் மம்பட்டியக் கீழ வெப்பாங்க. ஆம்புளயள் எல்லாம் தொழுவப் போய்ட்டு, தோட்டத்துல மெசின் மட்டும் ஓடி உழைக்கிறதா? அல்லாட பரக்கத்து இரிக்குமா?"

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் இப்பிடியா?"

"வெச்ச நாள் துவக்கம். அவருக்கும் தெரியும். ஒங்கட மருமவன்ட்டச் சொன்னா மனசு நோகுமெண்டு சொல்லல்ல." அவள் பெட்டியைக் காட்டினாள். "அதுக்குள்ள நிப்பாட்டிற சாமான் இரிக்காமே. பூட்டிப் போட்டிரிக்கிறீங்க. நாங்க என்ன, களவெடுக்கவா போறோம்?"

மேலே காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. ஜௌபர் அண்ணாந்தார். கயிறு கையின் நுனியை ஒரு பக்கம் இழுக்கிறது, காற்று மூன்று பலகைகளையும் மறுபக்கம் தள்ளுகிறது. எல்லாப் பாரமும் அந்த ஒரு மூட்டில். கிளாம்ப் இரண்டுக்கும் நடுவில் கீறல் மீனின் செவுள் மாதிரித் திறந்தது, மூடியது, திறந்தது.

சிவப்பு பூசியது றிஸ்மின், சுற்று எண்ணுவதற்காக. அவளுக்கு அந்த நிறம்தான் தூரத்திலேயே தெரிகிறது. ஆகவே வாரா வாரம் அதே கை.

"அங்கால போ. அடியில நிக்காத. போ எண்டா போ."

"ஏன் நானா?"

"அது ஒடயப்போகுது."

அவள் கயிற்றை அவிழ்க்கப் பனைப் பக்கம் ஓடினாள். ஜௌபர் பாய்ந்து அவளுக்கும் பனைக்கும் நடுவில் நின்றார். இப்போது அவிழ்த்தால் காற்றாடி இந்தக் கச்சானில் பைத்தியம் பிடித்துச் சுற்றும். வெடித்த கை எந்தத் தோட்டத்தில் போய் விழும் என்று சொல்ல முடியாது. அவிழ்க்காவிட்டால் நின்ற நிலையிலேயே முறியும். இரண்டுக்கும் ஒரே மருந்து, பிரேக். பிரேக் பெட்டிக்குள். சாவி றிஸ்மினின் இடுப்பில். றிஸ்மின் பள்ளிக்குள், கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, இமாமின் முன்னால்.

"அலவாங்கு இரிக்கா?"

அவள் கேள்வி கேட்கவில்லை. குடிலுக்குள் ஓடிப்போய்த் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஜௌபர் தூணின் அடியில் குனிந்தார். முறிந்தால் தன் முதுகில்தான் விழும் என்பது தெரியும். வாய் கலிமாவைச் சொன்னது, கை அலவாங்கைப் பூட்டுக்குள் நுழைத்தது. நெம்பினார். நல்ல பூட்டு. புத்தளம் பஸாரில் கடை கடையாக ஏறி, இருந்ததிலேயே தடிப்பானதைப் பார்த்துத் தானே வாங்கியது. அசையவில்லை. மேலே இரும்பு கீச்சென்றது. கிளாம்பின் நட் ஒன்று கழன்று அவர் தோளுக்குப் பக்கத்தில் மணலில் புதைந்தது.

"நானா, உட்டுட்டு வாங்க. போனாப் போகட்டும் மெசின்."

"வாயப் பொத்திக்கிட்டு நில்லு."

பூட்டை விட்டுவிட்டு, பூட்டு மாட்டியிருந்த காதை நெம்பினார். அது அவர் ஒட்டியதுதான். தன் ஒட்டு விடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், விட்டுத் தொலை, விட்டுத் தொலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் அலவாங்கின் மேல் போட்டார். காது பிய்ந்தது. பெட்டி திறந்தது. பிரேக்கை இழுத்தார், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், லொறியை மேட்டில் நிறுத்துகிற மாதிரி. டிரம் இறுகியது. கயிறு மெல்லத் தொய்ந்தது.

கீறல் திறந்த வாயோடு அப்படியே நின்றது. கை விழவில்லை.

ஜௌபர் மணலில் உட்கார்ந்துவிட்டார். உம்மு குல்தூம் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டு நின்றாள்.

"என்னாலயா நானா?"

அவர் தண்ணீரைக் குடித்தார். ஓம் என்று சொல்ல வாயெடுத்தார். பிய்ந்த காதும் அதில் தொங்குகிற பூட்டும் எதிரில் கிடந்தன. மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

தொழுகை முடிந்து முதலில் ஓடிவந்தவன் றிஸ்மின். தூரத்திலேயே காற்றாடி நிற்பதைக் கண்டிருக்கிறான். பெட்டியைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், அலவாங்கைப் பார்த்தான். ஜௌபர் சுருக்கமாகச் சொன்னார்.

"அவங்க பின்னால வாறாங்க மாமா," என்றான் அவன், மூச்சு வாங்க. "பெயாரிங்குக்குக் கிறீஸ் போடத்தான் நிப்பாட்டினதெண்டு சொல்லுவம். காத்து கொஞ்சம் தணியும். தணிஞ்சொண்ண பிரேக்க அரவாசி புடிச்சிக்கிட்டு மெதுவா ஓட உடுவம். பாத்துட்டுப் போகட்டும். நாளைக்கே கழட்டுறன். சத்தியமா."

"முறிஞ்சா?"

"முறியாது."

"நீ சொல்ற."

"மாமா, இண்டைக்கு இது ஓடல்லையெண்டா பொறகு ஆரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. எனக்கு இன்னொருக்கா முதல்லருந்து துவங்க ஏலாது."

அவன் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஜௌபர் ஏசியிருப்பார். பஸீனா விமான நிலையத்தில் நிற்கிற கோலம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்துபோனது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் நேரே காற்றாடியின் அடிக்கே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். எல்லாத் தலைகளும் சிவப்புக் கைக்கு நேர் கீழே.

"கிறீஸ்..." என்று தொடங்கினான் றிஸ்மின்.

"எல்லாரும் பனையடிக்குப் போங்க," என்றார் ஜௌபர். "அடியில நிக்காதீங்க. கை வெடிச்சிரிக்கி."

றிஸ்மின் கண்ணை மூடிக்கொண்டான்.

சங்கத்துத் தலைவர் ஃபைஸல் அசையாமல் ஜௌபரைப் பார்த்தார். "விக்கிற ஆளே சொல்றீங்க?"

"ஓட உட்டுட்டு நாளைக்கு ஒங்கட்ட ஏச்சு வாங்க ஏலா. ஆர்ட தலயிலயாச்சும் உழுந்தா, ஏச்சோட முடியிறதுமில்ல."

"எப்பிடி வெடிச்சது?"

உசனார் மனைவியைப் பார்த்தார். உம்மு குல்தூம் தரையைப் பார்த்தாள். கயிறு இன்னும் பனையில் சுற்றியபடி எல்லோருக்கும் தெரியக் கிடந்தது.

"நிப்பாட்டுறதுக்கு வழி வெக்காம வித்தா, ஆக்கள் அவங்களுக்குத் தெரிஞ்ச வழியில நிப்பாட்டுவாங்க," என்றார் ஜௌபர். "பூட்டு என்ட. ஒங்கள நம்பாமப் போட்ட. இப்பவும் பெரிசா நம்பல்ல. ஆனா பூட்டு பிழைதான்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். "நாங்களும் ஒங்கள நம்பல்லத்தானே. வாரா வாரம் உம்மு குல்தூம் ராத்தா இதோட மல்லுக்கட்டுறதப் பாத்துட்டு, இத ஊட்டுக்குப் பக்கத்துல வெக்கேலாதெண்டுதான் சொல்ல வந்த."

"ஓம்," என்றார் ஃபைஸல். "ஒளிக்காமச் சொல்றன். இண்டைக்கு வேணாமெண்டு சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். சுத்துறதப் பத்தி எங்களுக்குச் சந்தேகமில்ல. நிக்காத சாமான எவன் தோட்டத்துல வெப்பான்? மழ வரக்குள்ள நிப்பாட்டோணும், ஊருல சாவு, மையத்தெண்டா நிப்பாட்டோணும்." அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இதத்தான் இழுத்தீங்களா? இந்தக் காத்துலயா நிண்டது?"

"கயிறு முதல்ல நிப்பாட்டிச்சி," என்றான் றிஸ்மின், இவ்வளவு நேரத்துக்குப் பிறகு. "ஆனா பிரேக் தனியாவும் நிப்பாட்டும். அதுக்குத்தான் வெச்ச."

"தனியா நிப்பாட்டினதப் பாத்தாத்தான் நம்புறது," என்றார் ஃபைஸல். "வாங்கிறமெண்டு சொல்லமாட்டன். கையப் புதுசா ஒட்டுங்க. பூட்டில்லாமச் செய்யுங்க. இஞ்சயும் என்ட தோட்டத்துலயும் ஒவ்வொண்டு வெய்யுங்க. இந்தக் கச்சான் முடியும் மட்டும் எங்கட ஊட்டுப் பொம்புளயள் நிப்பாட்டிப் பாக்கட்டும். அதுக்குப் பொறகு கதைப்பம்."

அவர்கள் போய்விட்டார்கள். உசனார் வெங்காயத்தைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார், கைபேசியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கிளைட்டனின் முச்சக்கர வண்டி வரம்போரம் வந்து நின்றது. பின்னால் பம்பு. கிளைட்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, காற்றாடியைப் பார்த்தான், ஜௌபரைப் பார்த்தான்.

"நானா, ஒரு கை புடிக்க ஏலுமா? எனக்குத்தான் ஏணியில ஏறி ஏறி முழங்கால் போச்சே."

ஜௌபர் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு பக்கத்தைத் தூக்கினார். பயிர் யார் பம்பு என்று பார்த்துக் குடிப்பதில்லை. டீசல் புகை வெங்காயப் பாத்தியின் மேல் படர, தண்ணீர் வந்தது.

றிஸ்மின் காற்றாடியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கட்டாரைப் பற்றி ஜௌபர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"பிரேக்குக்கு ஒரு கேபிள் போட ஏலும்," என்றான் கடைசியில், யாரிடமென்று இல்லாமல். "மோட்டார் சைக்கிளுக்கு வாற மாதிரி. புடி எங்க வரோணும்?"

"என்னட்டக் கேக்காத. நிப்பாட்டுற ஆளக் கேளு."

உம்மு குல்தூம் முதலில் வரமாட்டேன் என்றாள். பிறகு வந்தாள். காற்றாடியின் அடியில் நின்று இழுக்கமாட்டேன், இன்றைக்குப் பார்த்தது போதும், தூரத்தில் வையுங்கள் என்றாள். ஜௌபர் சில எட்டு நடந்து, குதிகாலால் மணலைக் கிளறினார்.

"இதுவா?"

"இன்னம் அங்கால."

"பனையடிக்கே போச்சு தங்கச்சி. இவ்வளவு நீளத்துக்குக் கேபிளுக்கு எங்க போற?"

"அது ஒங்கட வேல. எங்கட மருமவள் இப்ப புள்ளத்தாச்சி. நாளைக்கு அவதான் வந்து இழுக்கப்போறா. இன்னம் அங்கால."

ஜௌபர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, அங்கால போனார்.